சும்மா இருந்த காது

ஒரு சனிக்கிழமை காலை, குளித்துவிட்டு ஈரத் தலையோடு கண்ணாடி முன்னால் நின்று இடது காதைக் குடைந்துகொண்டிருந்தேன். காதில் வலி இல்லை, அடைப்பு இல்லை, அரிப்புகூட இல்லை. பழக்கம், அவ்வளவுதான். பட்ஸை உள்ளே விட்டுத் திருப்பும்போது கண் தானாகச் செருகும் ஒரு சுகம் இருக்கிறதே, அதற்கு அடிமைப்பட்டவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. கதவுக்கு முதுகைக் காட்டி நின்றதுதான் தப்பு. "அப்பா, இன்னும் எவ்வளவு நேரம்?" என்று மகள் கதவைத் தள்ளினாள். கதவு முழங்கையில் இடித்தது. பட்ஸ் போகக் கூடாத இடத்துக்குப் போய்விட்டது.

'டப்' என்று ஒரு சத்தம். வெளியிலிருந்து வந்த சத்தம் இல்லை அது, மண்டைக்குள்ளேயே எழுந்தது. வலி அரை நொடி தாமதமாக வந்தது. வந்தபோது காதிலிருந்து தாடைவரை கம்பியை இழுத்ததுபோல இருந்தது. இரண்டு மூன்று நொடி தரை ஒரு பக்கம் சாய்ந்து, பிறகு நேரானது. பட்ஸ் நுனியில் குண்டூசித் தலை அளவுக்கு ரத்தம். மகள் வாசலில் உறைந்துபோய் நின்றாள். "ஒண்ணுமில்லம்மா" என்றேன். என் குரல் எனக்கே குடத்துக்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்டது.

சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. நானும் அதைத்தான் செய்திருக்கிறேன் என்று அன்று மத்தியானம் மூக்கைச் சிந்தியபோது உறுதியானது. மூக்கில் ஊதிய காற்று 'ஸ்ஸ்' என்று காது வழியாக வெளியே வந்தது. வலியைவிட அந்தச் சத்தம்தான் பயமுறுத்தியது. மருந்துப் பெட்டியில் எப்போதோ வாங்கிய காதுச் சொட்டு மருந்து ஒன்று கிடந்தது. எடுத்து மூடியைத் திறந்தும் விட்டேன். மனைவி வந்து பிடுங்கிக்கொண்டாள். "டாக்டர் பாக்காம ஒரு சொட்டுகூட விடக் கூடாது." அவள் எங்கே படித்தாளோ தெரியாது. அவள் எவ்வளவு சரியாகச் சொன்னாள் என்பது இரண்டு நாள் கழித்துத்தான் புரிந்தது.

காது, மூக்கு, தொண்டை மருத்துவர் நடுத்தர வயதுப் பெண். அதிகம் பேசாதவர். மெல்லிய கேமராக் குழலைக் காதுக்குள் விட்டு, திரையை என் பக்கம் திருப்பினார். முதலில் நல்ல காதைக் காட்டினார். இரண்டரை சென்டிமீட்டர் நீளச் சுரங்கப்பாதை, அதன் கடைசியில் முத்துச் சாம்பல் நிறத்தில் பளபளவென்று ஒரு சவ்வு. செவிப்பறை. பேச்சில் நாம் காது ஜவ்வு என்கிறோம். எட்டிலிருந்து பத்து மில்லிமீட்டர் விட்டம்; ஒரு சட்டைப் பொத்தான் அளவு. தடிமன் சுமார் 0.1 மில்லிமீட்டர், ஒரு தாளின் கனம். ஆனால் அதற்குள்ளேயே மூன்று அடுக்குகள் இருக்கின்றன. வெளியே தோல், உள்ளே ஈரமான மென்சவ்வு, நடுவில் விறைப்பைக் கொடுக்கும் நார் அடுக்கு. இந்த நடு அடுக்கைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

பறை என்றதும் தட்டையாக இழுத்துக் கட்டிய தோல் என்றுதான் நான் நினைத்திருந்தேன். தட்டை இல்லை. புனலைப்போல உள்நோக்கிக் குழிந்திருக்கிறது. சுத்தி எலும்பின் கைப்பிடி அதை உள்ளேயிருந்து பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறது. சுத்திக்குப் பின்னால் பட்டடை எலும்பு, அதற்கும் பின்னால் அங்கவடி எலும்பு. இந்த அங்கவடி மூன்று மில்லிமீட்டர்தான், உடம்பிலேயே மிகச் சிறிய எலும்பு. காற்றில் வரும் ஒலி நேராக உட்காதின் திரவத்தில் மோதினால் ஏறக்குறைய முழுவதும் திரும்பிப் போய்விடும், ஆயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே நுழையும். அதனால் ஒரு பெரிய சவ்வில் விழும் அதிர்வைத் திரட்டி, அதைவிடச் சுமார் 17 மடங்கு சிறிய, உட்காதின் ஒரு சன்னலில் கொண்டுபோய்க் குத்துகிறது இந்த ஏற்பாடு. ஊசி நுனியில் விசையைக் குவிப்பதுபோல. இத்தனையும் ஒரு பொத்தான் அளவு இடத்தில்.

பிறகு இடது காது. அதே சுரங்கம், அதே சவ்வு, ஆனால் கீழ்ப்பாதியில் முன்பக்கமாக ஒரு கறுப்பு ஓட்டை. ஓரம் ஒழுங்கில்லாமல், தாளைப் பென்சிலால் குத்தியதுபோல. ஓரத்தில் காய்ந்த ரத்தம் ஒரு பொட்டு ஒட்டியிருந்தது. அந்தப் பொட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவர் ஓர் இசைக்கவையைத் தட்டி என் நெற்றி நடுவில் வைத்தார். "எந்தப் பக்கம் சத்தமா கேக்குது?" என்றார். வலது பக்கம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் இடது பக்கம்தான் கணீரென்று கேட்டது, அடிபட்ட காதில்! அவர் முகத்தில் முதல்முறையாக ஒரு சின்ன நிம்மதி தெரிந்தது. எலும்பு வழியாகப் போகும் ஒலிக்குச் செவிப்பறை தேவையில்லை, நேராக உட்காதுக்குப் போய்விடும். காற்று வழி அடைபட்ட காதுக்கு வெளிச் சத்தத்தின் தொந்தரவு இல்லாததால் அங்கே அது பெரிதாகக் கேட்கிறதாம். அதாவது பாதைதான் பழுது, நரம்பு நன்றாக இருக்கிறது. உட்காது அடிபட்டிருந்தால் சத்தம் நல்ல காதுப் பக்கம் ஓடியிருக்கும். இந்தச் சோதனைக்கு எர்ன்ஸ்ட் வெபர் என்ற 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய மருத்துவரின் பெயர். ஓர் இரும்புக் கவையும் ஒரு கேள்வியும் போதும், மின்சாரம்கூட வேண்டாம். அப்புறம் எடுத்த கேட்புப் பரிசோதனையிலும் அதேதான் வந்தது: கனமான, தாழ்ந்த ஒலிகளில் இருபது டெசிபல்போலக் குறைவு, உயர்ந்த ஒலிகளில் பெரிய மாற்றம் இல்லை.

அடுத்து அவர் கேட்டதை நான் எதிர்பார்க்கவில்லை. மனைவியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி, "யாராவது அடிச்சாங்களா?" என்றார். சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. கிழிந்த செவிப்பறையோடு வருகிற எல்லோரிடமும் இதைக் கேட்பாராம். விரித்த உள்ளங்கை காதை மூடினாற்போல விழுந்தால் சுரங்கத்தில் இருக்கும் காற்றுக்குப் போக்கிடம் இல்லை, அப்படியே சவ்வின் மேல் மோதும். எதிரே நிற்பவர் வலது கையால் அறைந்தால் விழுவது இடது காதில். அதனால் அறையில் கிழிந்தவை பெரும்பாலும் இடது காதுகள். "எல்லாரும் பட்ஸ்னுதான் சொல்லுவாங்க" என்றார். அந்த வாக்கியம் எனக்கு ரொம்ப நாள் மனதில் கிடந்தது. "காதோட சேத்து ஒண்ணு விடுவேன்" என்று நாம் எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறோம்! கன்னத்தில் விழுந்த அடியின் சிவப்பு ஒரு நாளில் மறையும். இது அப்படி ஒரு நாளில் மறையாது.

காற்றே ஆயுதமாவது அறையில் மட்டும் இல்லை. நடுக்காது என்பது செவிப்பறைக்குப் பின்னால் உள்ள ஒரு சின்ன காற்றறை. அதற்கு ஒரே வாசல், மூக்கின் பின்பக்கத்துக்குப் போகும் குழாய். 16-ஆம் நூற்றாண்டில் அதை விவரித்த பார்த்தலோமியோ யூஸ்டாக்கியின் பெயரில் யூஸ்டாக்கியன் குழாய் என்கிறோம். எப்போதும் மூடியே இருக்கும், விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் ஒரு கணம் திறக்கும். விமானம் மேலே ஏறும்போது உள்ளே இருக்கும் காற்று தானாகப் பிதுங்கி வெளியேறிவிடும். இறங்கும்போதுதான் சிக்கல். வெளி அழுத்தம் கூடக்கூடச் சவ்வு உள்ளே இழுபடும், குழாயோ தானாகத் திறக்காது. சளி பிடித்து வீங்கியிருந்தால் விழுங்கினாலும் திறக்காது. நீருக்குள் இது இன்னும் கடுமை. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரட்டிப்பாகிவிடும். காது அடைக்கிறதே என்று தோன்றிய பிறகும் பிடிவாதமாக இறங்குகிறவர்கள்தான் சவ்வைக் கிழித்துக்கொண்டு மேலே வருகிறார்கள்.

வெடி இதன் உச்சம். 1883 ஆகஸ்டில் கிரகடோவா எரிமலை வெடித்தபோது சுமார் 65 கிலோமீட்டர் தள்ளி நார்ஹாம் காசில் என்ற கப்பல் நின்றிருந்தது. மாலுமிகளில் பாதிப் பேருக்கு மேல் செவிப்பறை கிழிந்துவிட்டதாக அதன் தலைவர் குறித்துவைத்தார். அந்தத் தூரத்தை நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் என் பட்ஸ் கதையைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

ஆனால் கணக்கில் பார்த்தால் அடியும் வெடியும் எல்லாம் ஓரத்தில்தான் இருக்கின்றன. உலகம் முழுக்கச் செவிப்பறையை அதிகம் ஓட்டையாக்குவது சளிதான். சளி யூஸ்டாக்கியன் குழாய் வழியாக ஏறி நடுக்காதில் சீழ் கட்டும். குழந்தைகளுக்கு அந்தக் குழாய் குட்டையாகவும் படுக்கைவாட்டத்திலும் இருப்பதால் அவர்களுக்குத்தான் அதிகம். எங்கள் மகளுக்கு இரண்டு வயதில் இது வந்திருக்கிறது. ராத்திரி முழுக்க வீறிட்டு அழுதவள் விடிகாலையில் சட்டென்று அமைதியாகித் தூங்கிவிட்டாள். அப்பாடா என்று பார்த்தால் தலையணையில் மஞ்சளாக ஒரு கறை. சவ்வு தானே கிழிந்து சீழை வெளியே விட்டிருந்தது, அழுத்தம் இறங்கியதும் வலியும் இறங்கிவிட்டது. அந்த ஓட்டை சில வாரங்களில் அடையாளமே இல்லாமல் மூடிக்கொண்டது. அப்போது நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. இப்போது என் காதில் அதே வித்தை நடக்குமா என்பதுதான் எனக்கிருந்த ஒரே கேள்வி.

"மருந்து என்ன டாக்டர்?" என்றேன்.

"மருந்து இல்ல. காதைச் சும்மா விடுங்க. அதான் மருந்து."

காசு கொடுத்துவிட்டுச் 'சும்மா இரு' என்று கேட்டுவருவது மனசுக்கு ஒப்பவில்லை. வீட்டுக்கு வந்து இதைப் பற்றி ராப்பகலாகப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் எனக்கு முதல் ஆறுதல் ஆஸ்ட்லி கூப்பர் என்ற லண்டன் அறுவை மருத்துவர். செவிப்பறை கிழிந்தால் முழுச் செவிடு என்று பலரும் நம்பிய காலத்தில், இரண்டு காதிலும் சவ்வு கெட்டுப்போன ஓர் இளைஞன் பேச்சை ஓரளவு நன்றாகவே கேட்கிறான் என்று 1800-இல் அவர் எழுதினார். அடுத்த ஆண்டு ஒரு படி மேலே போய், குழாய் அடைத்துக்கொண்டதால் காது மந்தமானவர்களின் சவ்வில் வேண்டுமென்றே ஓட்டை போட்டுக் கேட்க வைத்தார். இன்று நடுக்காதில் நீர் கோத்த குழந்தைகளுக்குச் சின்னக் குழல் வைக்கிறார்களே, அதன் முன்னோடி அதுதான். ஓட்டை என்றாலே நோய் இல்லை, சில நேரம் அதுவே வைத்தியம்.

அப்புறம் கிளாரன்ஸ் பிளேக். பாஸ்டன் நகரத்துக் காது மருத்துவர். 1874-இல் அலெக்சாண்டர் கிரகாம் பெல்லுக்கு இறந்த மனிதன் ஒருவனின் காதை எடுத்துக் கொடுத்தவர் இவர்தான். பெல் அந்தச் செவிப்பறையோடு ஒரு வைக்கோல் துண்டை இணைத்து, பேச்சின் அதிர்வைப் புகை படிந்த கண்ணாடியில் கோடாக வரையவைத்தார். இத்தனை மெல்லிய சவ்வு தன்னைவிடக் கனமான எலும்புகளை அசைக்கிறதே, அப்படியானால் இன்னும் தடித்த ஒரு சவ்வு இரும்புத் துண்டை அசைக்காதா என்ற யோசனை அங்கேதான் முளைத்தது. இரண்டு வருடத்தில் தொலைபேசி. பிளேக் காதுகளோடு தொடர்ந்தார். 1887-இல் கிழிந்த செவிப்பறை மேல் சின்னக் காகிதத் துண்டை ஒட்டும் முறையை எழுதினார். காகிதம் ஓட்டையை அடைப்பதற்கு இல்லை. புதுத் தோல் பிடித்துக்கொண்டு நடக்க ஒரு பாலம். சிகரெட் சுற்றும் தாளை வெட்டி இன்றும் இதைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

தோல் நடப்பது என்று சொன்னது உவமைக்காக இல்லை. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதைச் சொல்லத்தான். உடம்பின் மற்ற இடங்களில் தோல் அடியிலிருந்து வளர்ந்து, மேலே வந்து, உதிர்ந்துவிடும். காதுக்குள் உதிர்ந்தால் எங்கே போகும்? சுரங்கத்தின் ஒரு முனை மூடியிருக்கிறது. அதனால் செவிப்பறையின் தோல் பக்கவாட்டில் நகர்கிறது. நடுவிலிருந்து ஓரத்துக்கு, ஓரத்திலிருந்து சுரங்கச் சுவர் வழியாக வெளியே. வேகம் ஒரு நாளைக்கு 0.1 மில்லிமீட்டர்போல, நகம் வளருகிற வேகம். செவிப்பறையில் மையால் புள்ளி வைத்து, வாரக்கணக்கில் அது வெளியே பயணம் போவதைப் பார்த்திருக்கிறார்கள். தூசி, செத்த தோல், குறும்பி எல்லாம் அந்த நகரும் படியில் ஏறித் தானே வாசலுக்கு வந்துவிடும். இருபது வருடமாக நான் பட்ஸை வைத்துக்கொண்டு செய்த வேலை, அங்கே ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த வேலை. சொல்லப்போனால் வெளியே வந்துகொண்டிருந்ததைத் திரும்ப உள்ளே தள்ளிக்கொண்டிருந்தேன்.

கிழிந்த சவ்வை மூடுவதும் இதே தோல்தான். சாதாரணப் புண்ணில் அடியில் புதுச் சதை நிரம்பும், அதன் மேல் தோல் படரும். செவிப்பறை ஓட்டைக்கு அடி என்பதே இல்லை, வெறும் காற்று. அதனால் இங்கே முறை தலைகீழ். வெளித்தோல் முதலில் ஓரத்திலிருந்து கிளம்பி வெற்றிடத்தின் குறுக்கே எட்டிப்பார்க்கிறது, மற்ற அடுக்குகள் அதைப் பின்தொடர்கின்றன. நடு நார் அடுக்கு பல நேரம் முழுதாகத் திரும்புவதில்லை. அதனால் ஆறிய இடம் மெலிந்து, கண்ணாடித் தாளைப்போல இருக்கும். அடிபட்டுக் கிழிந்தவற்றில் பத்தில் எட்டு ஒன்பது, இரண்டு மூன்று மாதத்துக்குள் தானே மூடிவிடுகின்றன.

கெடுப்பது நாம்தான். தண்ணீர் போனால் கிருமி போகும், சீழ் பிடித்தால் தோல் நகராது. மூக்கை வேகமாகச் சிந்தினால் அப்போதுதான் பின்னிய மெல்லிய விளிம்பு பிய்ந்துபோகும். சொட்டு மருந்து விஷயமும் இங்கேதான் வருகிறது. சில காதுச் சொட்டுகளில் ஜென்டாமைசின், நியோமைசின் வகை மருந்துகள் இருக்கும். சவ்வு முழுதாக இருக்கும்வரை பரவாயில்லை. ஓட்டை வழியாக உள்ளே இறங்கினால் அவை உட்காதில் ஒலியை உணரும் மென்மயிர் உயிரணுக்களையே கொல்லக்கூடியவை, அந்த இழப்பு திரும்பாது. நான் மூடி திறந்த புட்டியில் இருந்ததும் அதில் ஒன்றுதான். பேரைப் படித்ததும் புட்டியைத் தூக்கிக் குப்பையில் போட்டேன். எண்ணெய், வெதுவெதுப்பான எதுவோ, அடுத்தவர் சொன்ன சாறு என எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

ஆக, சும்மா இருந்தேன். குளிக்கும்போது பெட்ரோலியம் ஜெல்லி தடவிய பஞ்சைக் காது வாசலில் வைத்தேன். தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்மினேன், வீட்டில் எல்லோரும் பயந்து திரும்பிப் பார்க்கும்படி. மூக்கு அடைத்தால் துடைத்துக்கொண்டேனே தவிரச் சிந்தவில்லை. நீச்சல் கிடையாது. விமானத்தில் போகலாமா என்று கேட்டதற்கு மருத்துவர், "இப்பதான் உங்களுக்குப் பிரச்சினையே இல்ல, ரெண்டு பக்கமும் ஒரே காத்து" என்றார். அவர் அடித்த ஒரே ஜோக் அது.

எல்லாக் காதுக்கும் இப்படி வாய்க்காது. என்னிடம் அவர் திரும்பத் திரும்பக் கேட்டவை சில: தலைசுற்றல் நிற்கவில்லையா, முகம் ஒரு பக்கம் கோணுகிறதா, காது திடீரென்று முழுக்க அடைத்துவிட்டதா, அடிபட்ட பிறகு தண்ணீர்போலத் தெளிவாக ஏதாவது வடிகிறதா. இதில் ஒன்றுக்கு ஆமாம் என்றால் அது சவ்வோடு நிற்கவில்லை. காத்திருக்காமல் அன்றைக்கே ஓட வேண்டும். வெல்டிங் பொறி விழுந்த காதும் எளிதில் ஆறாது. பொறி ஓரத்து ரத்தக் குழாய்களையும் சேர்த்துத் தீய்த்துவிடுவதால் தோலுக்கு நடக்கத் தெம்பு இருக்காது. சில ஓட்டைகளில் வெளித்தோலும் உள்சவ்வும் விளிம்பிலேயே ஒன்றையொன்று தொட்டு இணைந்துவிடும். அதோடு வேலை முடிந்தது என்று உடம்பு நினைத்துக்கொள்ளும், ஓட்டை நிரந்தரம். இன்னும் சிலவற்றில் தோல் ஓரம் வழியாக உள்பக்கம் நுழைந்து, உதிர்ந்த தோல் அங்கேயே மூட்டையாகச் சேர்ந்து எலும்பை அரிக்கும். நாற்றத்தோடு விடாமல் சீழ் வடிந்தால் அதைத்தான் சந்தேகிப்பார்கள்.

மூன்று மாதத்துக்கு மேல் மூடாவிட்டால் அறுவை சிகிச்சை. இதற்கும் நீண்ட வரலாறு உண்டு. 1640-இல் மார்க்குஸ் பான்ட்சர் என்பவர் பன்றியின் சிறுநீர்ப்பைச் சவ்வை ஒரு சின்னக் குழலின் முனையில் கட்டிக் காதில் செருகினார். 1850-களில் ஜோசப் டாயின்பீ வெள்ளிக் கம்பியில் கோத்த ரப்பர் வட்டம் செய்தார். 1878-இல் எமில் பெர்டோல்ட் நோயாளியின் சொந்தத் தோலையே ஒட்டினார். இன்று அதிகம் எடுப்பது காதுக்கு மேலே, நெற்றிப்பொட்டுத் தசையைப் போர்த்திய உறையிலிருந்து. பல்லைக் கடித்தால் அங்கே ஒன்று புடைக்கும், அந்தத் தசைதான். அதன் உறையிலிருந்து ஒரு துண்டை எடுத்து, பழைய விளிம்பைச் சுரண்டிப் புதுப் புண்ணாக்கி, அடியில் வைப்பார்கள். கவனியுங்கள், அங்கேயும் மூடுவது மருத்துவர் இல்லை. அவர் பாலம் போடுகிறார், நடப்பது தோல்தான். ஜப்பானில் 2019-இல் அனுமதி கிடைத்த ஒரு சிகிச்சையில் அந்த உறையைக்கூட எடுப்பதில்லை. விளிம்பைப் புதுப்பித்து, உயிரணுக்களை வளரத் தூண்டும் வளர்ச்சிக் காரணி ஊறிய ஜெலட்டின் பஞ்சை வைத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள்.

எனக்கு அது எதுவும் தேவைப்படவில்லை. இரண்டாவது வாரம் ஓட்டை பாதியாகியிருந்தது. ஐந்தாவது வாரம் ஊசித் துளை. ஏழாவது வாரம் திரையில் தேடினேன், காணவில்லை. அந்த இடம் மட்டும் மற்றதைவிடக் கொஞ்சம் தெளிவாக, பின்னால் இருப்பது தெரிகிற மாதிரி இருந்தது. இசைக்கவை நெற்றி நடுவிலேயே கேட்டது. ஒவ்வொரு தடவையும் நான் பார்த்தது இன்னொன்றும் உண்டு. அந்த ரத்தப் பொட்டு. முதல் நாள் ஓட்டையின் விளிம்பில் இருந்தது, பிறகு செவிப்பறையின் ஓரத்தில், ஏழாவது வாரம் சுரங்கச் சுவரில் ஏறியிருந்தது. எடுத்துவிடலாமா என்று கேட்டேன். "அதுவா வரும்" என்றார்.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு காலையில் காது வாசலில் ஏதோ உறுத்தியது. விரலால் தடவினேன். சுண்டு விரல் நுனியில் குறும்பியோடு ஒட்டி, கறுத்து, கடுகைவிடச் சின்னதாக ஒரு துணுக்கு வந்தது. மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ச்சீ" என்றாள். பிறகு கிட்டே வந்து குனிந்து பார்த்துவிட்டு, "இது அன்னிக்கு நான் கதவைத் தள்ளினதுதானேப்பா?" என்று கேட்டாள்.